கொல்லைக் கதவையும் பூட்டுங்க டாக்டர்!

மாமா ரத்த வாந்தி எடுத்தார். சோடா கொடுக்கலாமா?

சோடாவை நீங்கள் குடித்துவிட்டு 108-க்குப் போன் போடுங்கள். அவருக்கு வாய்வழியாக எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடக் கூடாது.

ரத்த வாந்தி என்றால் அல்சர்தானே?

பெரும்பாலும் அதுதான். ஆனால் கணையம் அடிக்கடி அழன்றவர் என்றால் சந்தேகப்பட வேண்டும். கணைய நீர் பக்கத்தில் ஓடும் தமனியின் சுவரையே அரித்துவிடும். அரித்த இடம் பழைய சைக்கிள் டியூப் மாதிரிப் புடைக்கும். இதற்குப் 'போலி அனியூரிசம்' என்று பெயர். பெயர்தான் போலி, வெடித்தால் வரும் ரத்தம் அசல். கணையக் குழாய் வழியாகச் சிறுகுடலில் கொட்டும். மலம் தார் மாதிரி கருத்துப் போகும்.

எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லையாம். கிளம்பலாமா?

அது உணவுப் பாதையின் உட்சுவரைத்தான் பார்க்கும். ஓட்டையோ சுவருக்கு அந்தப் பக்கம். இந்த ரத்தப்போக்கு விட்டு விட்டு வரும்; நின்றுவிட்டதே என்று பையைக் கட்டும்போது வெள்ளமாக வரும். மாமாவுக்குப் பழைய கணையக் கதை இருந்தால் அதைச் சொல்லி, "சி.டி. ஆஞ்சியோகிராம் தேவைப்படுமா?" என்று கேளுங்கள்.

அவசர சிகிச்சையில் இரண்டு கையிலும் ஊசி குத்துகிறார்களே, ஒன்று போதாதா?

போதாது. ஊசி தடிமனாகவும் இருக்க வேண்டும். குழாயின் உள் அகலம் இரண்டு மடங்கானால் பாய்ச்சல் 16 மடங்கு. சலைனை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உறையவைக்கும் சரக்கெல்லாம் நீர்த்துப் போகும். அதனால் பெரிய ரத்தப்போக்கில் சிவப்பணுவோடு பிளாஸ்மா, பிளேட்லெட் எல்லாம் சேர்த்து ஏற்றுவார்கள்.

வயிற்றைக் கிழிக்காமல் ஓட்டையை அடைக்க முடியுமா?

முடியும். 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் ஒரு வழி காட்டினார்: முதலில் ஊசி, அதற்குள் கம்பி, கம்பியின் மேல் குழாய். இன்று தொடை இடுக்குத் தமனியில் அப்படி நுழைந்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி புடைப்பு வரை போகிறார்கள். அங்கே தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியைத் தள்ளினால் அது சுருண்டு உட்காரும்; ரத்தம் அதில் உறைந்து வழி அடைபடும்.

அடைத்த பிறகும் கசிந்ததாமே?

வாசலை மட்டும் பூட்டியிருப்பார்கள். இரைப்பையைச் சுற்றியுள்ள தமனிகளுக்குக் கொல்லைப்புறமும் உண்டு. வேறு கிளை வழியாக ரத்தம் எதிர்த்திசையில் வந்துவிடும். ஆகவே புடைப்பைத் தாண்டிப் போய்க் கொல்லைக் கதவை முதலில் அடைத்து, பின்வாங்கி வந்து வாசலை அடைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் கத்தி.

தினம் ஒரு குவார்ட்டர்தான் டாக்டர். எனக்கு வருமா?

கணையம் அழலுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: பித்தப்பைக் கல், குடி. கல்லை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. உங்கள் கணக்கு 180 மில்லி. ரத்த வங்கிப் பை ஒன்று 350 மில்லி. இந்த வியாதிக்குப் பத்துப் பை போனாலும் ஆச்சரியமில்லை. குடியை விட்டுவிட்டு, உடம்பு தேறியதும் அந்த வங்கியில் ஒரு பை டெபாசிட் செய்யுங்கள். வட்டி மாமா மாதிரி யாருக்காவது போகும்.