ரத்தம் ஊற ஏழு சுலப வழிகள்: கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு மட்டும்

தேவையான பொருட்கள்: முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, தேசிக்காய் பாதி, முட்டையிடும் கோழி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு, முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போடப்படும் ஆஸ்பத்திரி நாள் ஒன்று. முதல் இரண்டும் லயத்தில் கிடைக்கும். மற்றவை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தொடர்ந்து வாசியுங்கள். ஆலோசனைக்குக் காசு இல்லை.

1. நோயைக் கண்டுபிடியுங்கள்

விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தி, பெரட்டுக்கு ஓடுமுன் கண்ணாடி முன்னால் ஆற அமர உட்காருங்கள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிக் கிடந்தால் ரத்தம் பத்தாது. நகம் குழிந்திருக்கிறதா? மேடு ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா? பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுகிறதா? அடுப்பு மண்ணைப் பார்த்தால் எச்சில் ஊறுகிறதா? இவையெல்லாம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள். கடைவாய் வெடித்தால் பி வகை விட்டமின்களையும், ஈறில் ரத்தம் கசிந்தால் சியையும் சந்தேகிக்கலாம். கைகால் மரத்து, நாக்கு வழவழத்தால் பி12. பொழுது சாய்ந்ததும் பிள்ளை காம்பரா வாசலில் முட்டிக்கொண்டால் ஏ.

சந்தேகம் தீர ரத்தம் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. சோதனைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்கிறீர்களா? அது அடையாளப் பட்டியலில் இல்லை.

2. தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள்

முக்கியமான வழி இதுதான். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் ரொட்டியிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். அது ரத்தத்தில் சேராமல் வெளியே போகும். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பாணையும் சோற்றையும் தேத்தண்ணியோடு கொடுத்துப் பார்த்து இதை எழுதி வைத்தார்கள். லயத்தில் ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பிளேன்டீ என்று எத்தனையோ தலைமுறை சாப்பிட்டாயிற்று. நல்ல தூள் 1883 முதல் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. நமக்கு வருவது டஸ்ட். சாயம் நன்றாக இறங்கும், துவர்ப்பும் குறைவில்லை.

எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி குடியுங்கள். அந்த நேரம் நீங்கள் நிரையில் நிற்பீர்கள், படங்கு நனைந்திருக்கும், கை விறைத்திருக்கும், சுடுதண்ணிப் போத்தல் லயத்தில் இருக்கும். தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பலாமா என்று கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சிரிப்பதும் உடம்புக்கு நல்லது.

3. சம்பலை மதியுங்கள்

தேங்காய்ச் சம்பலில் பிழியும் தேசிக்காய்ப் புளியில் விட்டமின் சி இருக்கிறது. தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள அது கைகொடுக்கும். ஆக, பாட்டி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்திலேயே பாதி வைத்தியம் இருந்தது. அதற்கு மேல் ஊற்றிய பிளேன்டீதான் அதைக் கெடுத்தது. சூட்டில் சி அழிந்துவிடும். கறியிலோ பருப்பிலோ புளி விடுவதென்றால், சட்டியை இறக்கிய பிறகு பிழியுங்கள்.

கோதுமை மாவைத் தனியே பிசையாமல் வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ பொடியாக அரிந்து போடுங்கள். புது ரத்தம் ஊறத் தேவையான போலேட் கீரையில் இருக்கிறது. கீரைக்கு எங்கே போவது? அடுத்த வழியைப் பாருங்கள்.

4. தோட்டத்திலேயே தோட்டம் போடுங்கள்

கெரட்டிலும் பூசணியிலும் பப்பாசியிலும் உடம்பு விட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் பொருள் உண்டு. கொஞ்சம் தேங்காயோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். கெரட்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் கழுவிய கெரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் நம் லயத்தைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகின்றன. போகும்போது கை காட்டுங்கள்.

அல்லது நீங்களே பயிரிடுங்கள். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த அதிர்ஷ்டசாலியானால் வீடு, கோழிக்கூடு, கீரைப்பாத்தி, தேசி மரம், பூசணிக்கொடி எல்லாவற்றையும் அந்த ஏழு பேர்ச்சில் அடக்குங்கள். லயத்திலேயே இருப்பவர்கள் வாசற்படிக்கும் கானுக்கும் இடையில் அடக்குங்கள்.

5. முட்டை, நெத்தலி, ஈரல்

பி12 மரக்கறியில் கிடைக்காது. முட்டை, மீன், பால், இறைச்சி வேண்டும். ஈரலிலும் நெத்தலிக் கருவாட்டிலும் உள்ள இரும்பு கீரையின் இரும்பைவிடச் சுலபமாக ரத்தத்தில் சேரும். வாரத்தில் சில நாளாவது முட்டை, ஒரு நாள் ஈரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2024இல் 1,350 ஆனது. கடைக்குப் போகும்போது வர்த்தமானியையும் எடுத்துப் போங்கள். அன்றைய கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர் போட்டிருந்தால், முட்டையையும் பாதியாகக் கேளுங்கள். ஒரு முட்டை வாங்கினால் யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும்: முதலில் வீட்டுக்காரருக்கு, பிறகு மகனுக்கு, பிறகு மகளுக்கு. சட்டியில் ஒட்டியது உங்களுக்கு.

6. பூச்சியை விரட்டுங்கள்

சாப்பிட்டது ரத்தமானாலும் அதைக் குடிக்க ஆள் இருக்கிறது. அட்டையைச் சொல்லவில்லை, அது குடித்ததும் விழுந்துவிடும். கொக்கிப்புழு குடலில் குடியிருந்து குடிக்கும். மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறும். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளியின் ரத்தம் குறைந்தால் வேலையும் குறையும் என்ற கணக்கு அன்றே போடப்பட்டுவிட்டது. மலசலகூடமும் சப்பாத்தும் இல்லாவிட்டால் மருந்து கொடுத்தாலும் புழு திரும்பி வரும் என்பதும் அன்றே தெரியும்.

பூச்சிக் குளிசை கொடுத்தால் விழுங்குங்கள். சிலிப்பர் போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள். மழையில் சரிவில் வழுக்குகிறதே என்றால், கழற்றிக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பாக இருக்கும்.

7. குளிசையும் திரிபோஷவும்

கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் இரும்பு, போலிக் அமிலம், விட்டமின் சி, கல்சியம் குளிசைகள் தருவார்கள். எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுத் தேத்தண்ணியால் விழுங்குவது வழக்கம். அது கூடாது. இரும்பையும் சியையும் சேர்த்துத் தண்ணீரோடு விழுங்குங்கள். கல்சியத்தை வேறு நேரத்தில் போடுங்கள், அது இரும்புக்கு இடைஞ்சல். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் குளிசையைக் குப்பையில் போடாமல் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

திரிபோஷ 1973 முதல் கொடுக்கப்படுகிறது: சோளமும் சோயாவும், அதோடு விட்டமின்களும் தாதுக்களும் கலந்த மா. பொதியில் சொல்வது தாய்க்கும் மெலிந்த பிள்ளைக்கும் என்று. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்ததும் காம்பராவில் இருக்கும் எல்லோரும் தாயாகிவிடுகிறார்கள்.

மேலதிக வழி: துரைமாருக்கு

மேலே சொன்ன ஏழும் அக்காமார் செய்ய வேண்டியவை. செய்கிறார்களா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்தில் முப்பத்திரண்டு பேர். அக்காமார் ஆலோசனையைச் சரியாகக் கேட்பதில்லை என்று இதற்குப் பொருள் சொல்லலாம். அல்லது துரைமாரே ஒரு தரம் செய்து பார்க்கலாம். செய்முறை சுலபம்:

கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். பகல் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் சுடச்சுடத் தேத்தண்ணியை மலைக்கே அனுப்புங்கள். பிள்ளைக் காம்பராவில் தினம் ஒரு முட்டை கொடுங்கள். லயத்தோரம் சும்மா கிடக்கும் நிலத்தில் கீரை போட விடுங்கள். பக்கவிளைவு ஒன்றுதான்: கொழுந்து கிலோ கூடும்.