நத்தை வேகத்துக்கு அறுபது பல்

இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில், தேவாலயக் கூடத்தில் மாதிரி ரயில் கண்காட்சி. தேநீர், கேக், மேசைக்கு மேசை சுற்றிச் சுற்றி வரும் குட்டி ரயில்கள். எல்லோரும் குனிந்து வேடிக்கை பார்க்க, ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தூக்கமில்லை, காது கொடுத்துக் கேட்கிறார். இன்ஜின் தன்னைக் கடந்து போனதும் அதன் சொந்தக்காரரை நெருங்கி, இழவு சொல்ல வந்தவர் குரலில், "வார்ம் கொஞ்சம் இறுக்கமா உட்கார்ந்திருக்கு, கவனிச்சீங்களா?" என்பார்.

இவர்தான் கியர்காரர். மாதிரி ரயில் சங்கம் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருந்தே தீருவார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தோட்டத்துக் கொட்டகையில் சின்ன லேத் ஒன்று, ஐம்பது இழுப்பறைகள் கொண்ட அலமாரி ஒன்று, மூடியில்லாத எண்ணெய்ப் புட்டிகள் கணக்கில்லாமல். மற்றவர்கள் ரயில் வாங்கினால் ஓட்டுவார்கள். இவர் வாங்கிய அன்றே கவிழ்த்துப்போட்டு அடித்தட்டைக் கழற்றுவார்.

அவருடைய வழக்கைக் கேட்டால் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வே 1913 முதல் 1916 வரை ஈ2 வகை டேங்க் இன்ஜின்கள் பத்து கட்டியது. பிற்காலத்தில் அவற்றில் சில சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தன. சக்கரத்தின் விட்டம் 4 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓஓ அளவில் அது 18 மில்லிமீட்டர். இதற்குள் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும் மோட்டாரை வைத்து, 20 பல் கியரை மாட்டினால் என்ன ஆகும்? அளவை விரித்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 155 கிலோமீட்டர். துறைமுகத்தில் பெட்டி தள்ளும் இன்ஜின்!

"மெதுவா ஓட்டினால் போச்சு, ரெகுலேட்டர் எதுக்கு இருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். தேநீர் ஆறிவிடும். மோட்டார் தண்டில் இருக்கும் திருகு போன்ற வார்ம் ஒரு சுற்று சுற்றினால், அச்சில் இருக்கும் கியர் ஒரு பல் நகரும். 20 பல் என்றால் மோட்டார் 20 சுற்றுக்கு அச்சு ஒரே சுற்று. ஆள் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில், ஈ2 ஊர வேண்டுமானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 19 முறை சுற்ற வேண்டும். 20 பல்லில் மோட்டாருக்கு அது 390 சுற்றுகூட இல்லை. அந்த வேகத்தில் மூன்று துருவ மோட்டார் விக்கி விக்கித்தான் நகரும். 60 பல் போட்டால் அதே நடைக்கு மோட்டார் 1,160 சுற்று சுற்றும். விக்கல் நின்றுவிடும், இழுவிசையும் கூடும். முழு வேகம் மணிக்கு 52 கிலோமீட்டராக இறங்கும். துறைமுகத்துக்கு அது தாராளம். இதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. 108-க்கு ஒன்று வரைக்கும் விகிதம் கிடைக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோனதுதான் வம்பு.

வேலை செய்யும்போது அவரைப் பார்க்க வேண்டும். கண்ணில் நகைக்கடைக்காரர் போடும் பூதக்கண்ணாடி. வார்முக்கும் கியருக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது? அதற்கு அவரிடம் இருக்கும் அளவுகருவி சிகரெட் சுற்றும் தாள். அதை இடையில் செருகி, மோட்டாரை அழுத்தித் திருகை முடுக்கி, தாளை உருவிவிட்டால் மிச்சமாகும் இடைவெளிதான் சரியான இடைவெளி. வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடிக்காதவர் கடையில் மாதம் தவறாமல் சிகரெட் தாள் வாங்குகிறார். கடைக்காரர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ.

மீதி உபகரணங்கள் மனைவியின் உபயம். மிளகில் பாதி இருக்கும் கிரப் ஸ்க்ரூ கம்பளத்தில் விழுந்தால் தரையில் தவழ்வதில்லை. வேக்குவம் கிளீனரின் வாயில் அந்த அம்மாளின் நைலான் காலுறையைக் கட்டி உறிஞ்சுவார், திருகு வலையில் நிற்கும். பழைய கிரீசை ஊறவைக்கக் கண்ணாடிக் கிண்ணம், தேய்க்கப் பல்துலக்கி. யாருடைய பல்துலக்கி என்று கேட்கக் கூடாது. "போன வாரமே இது நல்லாத்தானே ஓடிச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டதுண்டு. "ஓடிச்சு. ஆனா சத்தம் போட்டுச்சு," என்றார் இவர். பிறகு அரை மணி நேரம் முன்னோக்கி, அரை மணி நேரம் பின்னோக்கி, பல் படிவதற்காக இன்ஜினைத் தனியாக ஓடவிட்டார். சாப்பாட்டு மேசையில்தான்.

அமெரிக்காவிலும் இந்த இனம் உண்டு, அதன் வயிற்றெரிச்சலுக்குக் காரணமும் உண்டு. அங்கே 1950களில் ஏதர்ன் நிறுவனம் கியரே இல்லாமல் ரப்பர் வளையத்தால் அச்சைச் சுழற்றும் டீசல் இன்ஜின்களை மலிவு விலையில் விற்றது. அவை ராக்கெட் போலப் பறந்தன. அந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர் முகம் சுளிப்பார்.

அவருக்குப் பரம எதிரி, தண்டவாள அகலத்தை அளவு பிசகாமல் போடும் பி4 காரர். ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் ரயில்பாதையின் 4 அடி 8½ அங்குலத்துக்கு நியாயப்படி 18.83 வேண்டும். "ஏழு அங்குலம் குறுகின பாதையில ஓட்டிக்கிட்டு வேகத்தைப் பத்தி விவாதமா?" என்று அவர் கேட்க, இவருக்குப் பதில் வராது. எட்டிப்போய் ஒரு கேக் வாங்கிக்கொள்வார்.

குழந்தைகள் இன்னும் பெரிய சோதனை. வில்பர்ட் ஆட்ரி பாதிரியாரின் குழந்தைக் கதைகளில் வரும் தாமஸ் இன்ஜின் ஈ2-வின் சாயலில்தான் வரையப்பட்டது. எனவே இவருடைய இன்ஜினைப் பார்த்ததும் "தாமஸ்!" என்று ஒரு கூட்டம் ஓடிவரும். வந்து நின்றால் இன்ஜின் விநாடிக்கு 18 மில்லிமீட்டர் போய்க்கொண்டிருக்கும். நாலு மீட்டர் மேசையைக் கடக்க மூன்றரை நிமிடத்துக்கு மேல். நின்றுவிட்டது என்று இரக்கப்பட்டு ஒரு குழந்தை கையால் தள்ளப் போக, கூடமே திரும்பிப் பார்க்கும்படி அலறுவார். வார்ம் கியரை மோட்டார்தான் சுழற்றலாம். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினால் மோட்டார் சுழலாது, பல்தான் போகும். அந்தக் குழந்தைக்கு இதை அவர் விளக்கவும் செய்தார். முழுவதும்.

சங்கத்தில் அவரோடு வழக்காடும் ஆள், இன்ஜினுக்குள் டீகோடர் என்ற சில்லை வைத்து ஓட்டும் ஒரு டிஜிட்டல் வாலிபன். "எதுக்கு சார் இவ்வளவு அரம் போட்டு ராவிக்கிட்டு? டீகோடர்ல உச்ச வேகத்தைக் குறைச்சு எழுதினா முடிஞ்சது" என்பது அவன் கட்சி. "வேகத்தைக் குறைப்பே, இழுவிசையை எங்கேருந்து கொண்டுவருவே?" என்பது இவர் கட்சி. மூன்று வருஷமாக ஒரே வாக்கியங்கள்.

சென்ற குளிர்காலத்தில் செயலாளர் ஒரு விதி போட்டார்: கியர்காரரின் சரக்கு ரயில் காலை பத்து மணிக்கு முன்னால் மட்டும் ஓடலாம். அதன் பின்னால் மூன்று எக்ஸ்பிரஸ்கள் சிக்னலில் காத்துக் கிடந்து, ஓட்டுநர்கள் இரண்டாவது தேநீரும் குடித்து முடித்ததாகப் புகார். அவர் மனம் உடையவில்லை. அன்று மாலையே டிஜிட்டல் வாலிபன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ரொட்டி டப்பாவில் எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் தட்டினான். உள்ளே பச்சை நிற இன்ஜின் ஒன்று. சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் 'டொக்' என்றது. அச்சில் இறுக்கியிருந்த பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருந்தது.

"டீகோடர்ல எழுதிப் பார்த்தியா?" என்றார் கியர்காரர், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே. அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது இழுப்பறைகளில் ஒன்றை இழுத்து அவன் முன்னால் வைத்தார்.

"நாற்பதா, அறுபதா?"