கைவசம் ஒரு தொழில்

மனிதனுக்குக் கவலை கூடினால் முதுகு பிடிக்கும். ஊருக்கே கவலை என்றால் ஊருக்கே முதுகு பிடிக்கும். ஆகவே பொருளாதார மந்தத்தில் மசாஜ் தொழில் கொழிக்கும். 2009-ல் என் பிழைப்பை நான் நம்பி ஒப்படைத்த பொருளாதாரக் கோட்பாடு இவ்வளவுதான்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டபோது, சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் அமெரிக்க வீட்டுக்கடன் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். அதாவது, அங்கே தப்பு எதுவும் இல்லை என்று சான்று கொடுப்பது என் வேலை. முதலில் வேலை எதுவும் தராமல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஜனவரி 7-ம் தேதி சத்யம் ராமலிங்க ராஜு கணக்கில் பெரிய ஓட்டை என்று கடிதம் எழுதினாரே, அந்த வாரம் பெஞ்சையும் உருவிக்கொண்டார்கள்.

சின்ன வயதில் பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டுக் காசு வாங்கியிருக்கிறேன். "உன் கை பட்டாலே வலி பறந்துடுதுடா" என்பாள். அந்த ஒரே வாடிக்கையாளரின் நற்சான்றை நம்பி, கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் பணத்தோடு ஆயுர்வேத மசாஜ் கற்றுக்கொள்ளத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறினேன். பேரனிடம் எந்தப் பாட்டிதான் வேறு மாதிரி சொல்வாள்?

அங்கே ஆசான் முதல் வேலையாக என் நகத்தை வெட்டச் சொன்னார். அடுத்து என் கர்வத்தை. தன்வந்தரம் தைலத்தையும் கொட்டஞ்சுக்காதியையும் மற்ற பையன்கள் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பிண்டதைலத்தை மட்டும் தப்பாமல் கண்டுபிடிப்பேன், அது சிவப்பு. பிழிச்சிலுக்கு ஆளை மரத்தோணியில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் நின்று வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை நனைத்துப் பிழிய வேண்டும். எல்லார் கையும் ஒரே தாளத்தில் போகணும். என் பக்கம் மட்டும் டெட்லைன் நெருங்கிய வேகத்தில் போகும். களரியிலிருந்து வந்த சவுட்டி உழிச்சிலில், மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிய வேண்டும். ஆசான் என் தொந்தியைப் பார்த்தார். கீழே படுத்திருந்தவரைப் பார்த்தார். "வேண்டா" என்றார்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு ஆயுர்வேத நிலையத்தில் சேர்ந்தேன். வெள்ளைக்காரர்களை நம்பித் திறந்த இடம். மும்பைத் தாக்குதலுக்கும் அமெரிக்கச் சரிவுக்கும் பிறகு அவர்கள் வரத்து சுருங்கிவிட்டது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற வழக்கப்படி, வந்தவர்களிலும் பாதிப் பேர் எனக்கில்லை. நம் ஆட்களுக்கு முதுகு பிடிக்கவில்லையா என்றால், பிடித்தது. ஆனால் கையில் காசு குறைந்தால் வலியைத் தள்ளிப்போட நமக்குச் சொல்லித்தர வேண்டாம். அமிர்தாஞ்சனை எடுத்துப் பூசிக்கொண்டு படுத்துவிடுவார்கள். போதாததற்கு, முடிவெட்டிய கையோடு தலையைத் தட்டிக் கழுத்தைச் சொடுக்கி அனுப்ப எந்த சலூன்காரரும் தனியாகக் காசு கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேறிய கை அது. என்னிடம் இருந்தது ஃபிரேம் போட்ட சர்டிஃபிகேட்.

ஒருநாள் வந்தவர் பழைய மகாபலிபுரம் சாலை ஆள் என்பது கழுத்தைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. எனக்கும் அதே இடத்தில்தான் பிடிக்கும். குப்புறப் படுத்திருந்தார். பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது ஆசானின் பாலபாடம். நான் பேச்சுக் கொடுத்தேன். ஒரு பெரிய கம்பெனியில் ஹெச்.ஆர். என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், உங்க டெஸ்டிங் டீம்ல ஓப்பனிங் ஏதாவது இருக்கா?"

அரை மணி நேரமாக நான் இளக்கிக்கொண்டிருந்த தோள்பட்டை, என் உள்ளங்கைக்கு அடியிலேயே கல்லாக இறுகியது. பாவம், எழுந்து ஓடவும் முடியாது, உடம்பெல்லாம் எண்ணெய். முகத்தைத் திருப்பாமலே, "எண்ணெய் ஆறுதுப்பா" என்றார்.

இதற்கிடையில் என் கட்டைவிரல் போய்விட்டது. விரலால் அழுத்தாதே, உடம்பின் எடையை இறக்கு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உடம்பில் எடைக்கா குறைச்சல்? இறக்கத்தான் வரவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவருக்குக் கொடுத்தது போக அந்த மாதம் கையில் நின்றது பஸ் காசு. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். "கம்ப்யூட்டர்" என்றேன்.

அப்பா ஊரில், நான் "ஆரோக்கியத் துறையில்" இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். பெண் வீட்டிலிருந்து ஒருவர் டாக்டரா என்று கேட்டதற்கு அப்பா இருமினார். மசாஜ் என்ற சொல்லோடு போலீஸ் ரெய்டு செய்தியையும் சேர்த்தே படித்துப் பழகிய ஊரில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

நிலையத்தை மூடியபோது, கடைசி மாதச் சம்பளத்தில் பாதியை முதலாளி பணமாகவும் மீதியை தன்வந்தரம் தைலமாகவும் கொடுத்தார். வாடகை பாக்கி இருந்தது. வீட்டு ஓனர் ரிட்டயர்டு மனிதர், முழங்கால் வலிக்காரர். பாட்டில்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் அடுக்கி, தைலத்தின் மகிமையை விளக்கி, "இந்த மாச வாடகைக்கு இதை வெச்சுக்குங்க சார்" என்றேன். ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார்.

"வாடகையை அப்புறம் பேசுவோம் தம்பி. முதல்ல இதைத் தேய்ச்சுவிடு, பார்க்கலாம்."