பெர்னர்ஸ்-லீக்கு வேலை இல்லை

தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிற ஓர் அண்ணாச்சி, கடைக்கு வெப்சைட் வைக்க ஆள் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. "இந்தப் பய நேத்து வரைக்கும் நம்ம கடையில கடனுக்குத் தின்னவன். ஒலகத்துலயே பெரிய ஆளு யாரோ அவனக் கூப்பிடுங்கய்யா" என்கிறார்.

கூப்பிட்டுவிடுவோம். காலக்கணக்கு, விசா பற்றியெல்லாம் கேட்காதீர்கள். சரித்திரம் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

முதல் கேண்டிடேட், சர் டிம் பெர்னர்ஸ்-லீ. வலை என்கிற லோகத்தையே படைத்த பிரம்மா. ஜெனீவா பக்கம் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1989இல் இந்த யோசனையை எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். அவர் முதல் பக்கத்திலேயே கிறுக்கி வைத்த குறிப்பின் சாரம்: ஒன்றும் தெளிவாக இல்லை, ஆனாலும் கிளர்ச்சியாக இருக்கிறது. இன்றைக்கு நள்ளிரவில் நீங்கள் ஆர்டர் போடும் பிரியாணி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி இதுதான். நம்ம ஊர் ஆபீஸில் இப்படி ஒரு குறிப்பு விழுந்தால், ஃபைல் நேரே பீரோவுக்குப் போயிருக்கும்.

"செஞ்ச வேலையக் காட்டுங்க" என்கிறார் அண்ணாச்சி. சர் டிம் பெருமையோடு 1991இல் வெளியிட்ட உலகத்தின் முதல் வெப்சைட்டைத் திறக்கிறார். வெறும் எழுத்து. லோகோ கிடையாது, போட்டோ கிடையாது, கலர் கிடையாது. அண்ணாச்சி கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்கிறார்: "சார், இது வெப்சைட்டா, இல்ல பத்திரம் எழுதுற ஆபீஸ்ல குடுத்த நகலா?"

சர்வர் கதை இன்னும் அழகு. முதல் சர்வர் அவருடைய மேஜைமேல் இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்தான். அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு மையில் "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்ற அர்த்தத்தில் எழுதி வைத்திருந்தார். மொத்த வைய விரிவு வலைக்கும் அன்றைக்கு இருந்த செக்யூரிட்டி சிஸ்டம் அந்த ஸ்டிக்கர். கூட்டிப் பெருக்க வந்தவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது மனிதகுலத்தின் அதிர்ஷ்டம்.

போதாததற்கு, வெப்சைட் முகவரியில் நாமெல்லாம் இத்தனை வருடம் விரல் தேயத் தட்டிய அந்த இரட்டைச் சாய்கோடு. அது தேவையே இல்லை என்று 2009இல் அவரே ஒத்துக்கொண்டார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்கிறார் அண்ணாச்சி. சர் டிம் எழுந்து வணக்கம் போட்டுவிட்டுப் போகிறார்.

செர்ன்காரர்களுக்கு அழகுணர்ச்சியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1992இல் வலையில் ஏறிய ஆரம்பகாலப் போட்டோக்களில் ஒன்று, அதே ஆபீஸின் பாட்டுக் குழுவான லெ ஹொரிபிள் செர்னெட்டின் படம். நான்கு பெண்கள் மேக்கப்போடு போஸ் கொடுக்கிறார்கள். அவர்களுடைய பேர்போன பாட்டின் விஷயம், காதலியைக் கவனிக்காமல் துகள் மோதும் எந்திரத்தையே கட்டிக்கொண்டு அழுகிற விஞ்ஞானிக் காதலன். இணையம் இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் அந்த வருஷத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

அடுத்து லூ மொன்டூலி, நெட்ஸ்கேப் கம்பெனிக்காரர். எழுத்தை மினுக் மினுக் என்று மின்னவைக்கும் பிளிங்க் இவர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடந்தது என்னவென்றால், 1994இல் ஒரு பாரில் உட்கார்ந்து, எழுத்து மின்னினால் எப்படி இருக்கும் என்று நண்பர்களிடம் தமாஷாகச் சொல்லியிருக்கிறார். கூட இருந்த இன்ஜினியர் ராத்திரியோடு ராத்திரியாக அதை எழுதி முடித்துவிட்டார். பாரில் பேசியது விடிந்தால் மறந்துபோகும் என்பது உலக நியதி. அதை மீறிய அந்த ஒரு மனிதரால் உலகமே வருஷக்கணக்கில் கண்ணைச் சிமிட்டியது.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்கிறார். "ஏ, கொடைக்குக் கட்டுற சீரியல் லைட்டு கணக்கா இருக்கே! நம்ம கடை பேரு இப்பிடித்தான் மின்னணும்." பிளிங்க்கை ஃபயர்ஃபாக்ஸ் 2013இல் தூக்கிக் கடாசிவிட்டது என்று சொன்னதும் அவர் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே. துக்க வீட்டில்கூட அப்படிப் பார்க்க முடியாது.

டேவிட் சீகல் வாசலோடு சரி. 1996இல் அசத்தலான வெப்சைட் செய்வது எப்படி என்று புத்தகம் போட்டவர். கண்ணுக்கே தெரியாத கட்டங்களையும் படங்களையும் வைத்து எழுத்தை நகர்த்தும் வித்தையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மறுவருஷமே, வலை நாசமாகிவிட்டது, நாசமாக்கியவன் நான்தான் என்று கட்டுரை எழுதினார். ஒப்புதல் வாக்குமூலத்தோடு வருகிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க அண்ணாச்சி என்ன ஏமாளியா?

அப்புறம் வந்தது பெரிய பார்ட்டி. பூ டாட் காம்! லண்டனில் கடை, ஸ்வீடன் நண்பர்கள் முதலாளிகள். அவர்களில் ஒருவர் முன்னாள் மாடல். ஃபேஷன் துணிமணிகளை உலகம் பூராவும் இணையத்தில் விற்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். ஜவுளிக்கடையில் துணியைக் காட்டினால் போதும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் நீங்கள் சின்ன வியாபாரி. இவர்கள் மிஸ் பூ என்று ஒரு கார்ட்டூன் சேல்ஸ்கேர்ளை உண்டாக்கினார்கள். அவளுக்குத் தலை அலங்காரம் செய்ய நிஜமான, பெயர்பெற்ற சிகை அலங்காரக் கலைஞரைக் கூப்பிட்டார்கள். இல்லாத தலைக்கு, இருக்கிற காசு.

திறப்பு விழாவைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 1999 நவம்பரில் ஒருவழியாகத் திறந்தார்கள். வாடிக்கையாளர் வீட்டிலோ கீச்சிட்டு முனகும் டயல்-அப் மோடம். மிஸ் பூ தலையை வாரிக்கொண்டு ஸ்கிரீனுக்கு வருவதற்குள் இவர் நடந்தே கடைக்குப் போய் சட்டை வாங்கிவந்துவிடலாம். ஆப்பிள் மேக் வைத்திருந்தவருக்கு அந்தக் காத்திருப்பும் மிச்சம், ஏனென்றால் ஆரம்பத்தில் அதில் கடையே திறக்காது. 2000 மே மாதம் இழுத்து மூடியபோது கரைந்திருந்த பணம் சுமார் 13.5 கோடி டாலர். "அது எத்தன கிலோ மக்ரூன்?" என்று கணக்குப் போட ஆரம்பித்த அண்ணாச்சி, பாதியில் தண்ணீர் கேட்டார்.

வெள்ளைக்காரர்களை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டு நம்மவர்களை விட்டால் பாவம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனித்தனி ஃபாண்ட். அவர்களுடைய ஃபாண்டை இறக்கிக்கொள்ளாவிட்டால், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்த்து ஒரே தரம் கொண்டுவரத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அறிஞர்கள் கூடினார்கள், விவாதித்தார்கள், டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தார்கள். யூனிகோட் வந்து நம்மைப் பிரித்துவிட, மன்னிக்கவும், சேர்த்துவைக்க வேண்டியிருந்தது.

கடைசியில் உள்ளூர்ப் பையனுக்கே மறுபடி ஆள் போனது. வந்தவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "அண்ணாச்சி, கூரியர்ல போனா மக்ரூன் நொறுங்காதா? எத்தன நாள் தாங்கும்? முட்டை வெள்ளக்கரு போட்டதுன்னு மேலயே எழுதிருவமா? சைவக்காரங்க வாங்கிட்டு நம்மள ஏசுவாங்க. டொமைன உங்க பேர்லயே வாங்கிருங்க, நாளைக்கு நான் துபாய்க்குப் போயிட்டா நீங்க தேடக்கூடாது." முப்பது வருஷ வலை வரலாற்றில் சரக்கைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவன்தான். அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "அதெல்லாம் சரிடே, எங்கப்பா படம் மின்னுமா?"

பேரம் முடிந்து, அப்பா படம் மின்னாமல், மாலையோடு, ஓரமாகச் சின்னதாக வர ஒப்பந்தமானது. சைட் ஏறிய அன்றைக்கே முதல் போன் வந்துவிட்டது. அண்ணாச்சி பரபரப்பாக பில் புக்கைத் திறந்து, "சொல்லுங்க, எத்தன கிலோ?" என்றார்.

மறுமுனையில் ஒரு பெண்குரல்: "சார், உங்க வெப்சைட் பார்த்தோம். டிசைன் ரொம்ப ஓல்டா இருக்கு, நாங்க புதுசா பண்ணித் தரோம்."