பொறைக்கா, பாசத்துக்கா?

அந்தக் காலத்தில் எங்கள் தெரு நாய்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றே பெயர்கள்தான்: மணி, டைகர், ஜிம்மி. எங்கள் வீட்டுக்கு வாய்த்தது மணி. ஒரு மழைநாளில் திண்ணையில் ஏறிப் படுத்தது, "கிடந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா, தத்தெடுப்பு அதோடு முடிந்தது. மிஞ்சிய பழைய சோறுதான் அதற்குச் சாப்பாடு. ஞாயிறு என்றால் எலும்பு.

அந்த மணி, அப்பா வரும் சாயங்கால டவுன் பஸ் பாலத்தில் ஏறும்போதே, எங்கள் காதுக்கு எட்டாத அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப்புக்கு ஓடும். இறங்குகிற ஒவ்வொரு காலையும் மோந்து தள்ளிவிட்டு, அப்பாவின் டயர் செருப்பு படியில் தெரிந்ததும் வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடும். அவர் மாற்றலாகிப் போய் மாதத்துக்கு ஒருமுறை வந்த காலத்திலும் அது போவதை விடவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்து, புழுதி அடங்கிய பிறகுதான் திரும்பும். எட்டாம் வகுப்புக் கவிஞனான எனக்கு இது போதாதா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் காவியம் தொடங்கினேன். 'நன்றி'க்கு எதுகையாகப் 'பன்றி' மட்டுமே அகப்பட்டதால் அது நான்கு வரியோடு நின்றது. மிச்சத்தில் வெந்நீர் ஊற்றியவர் டீக்கடை மாஸ்டர்: "தம்பி, அது உங்கப்பாவுக்காக வரலை, நான் போடுற பொறைக்கு வருது."

இந்தச் சந்தேகம் ஜப்பானையும் விடவில்லை என்று பின்னால் தெரிந்தது. பேராசிரியர் உவேனோ 1925இல் இறந்த பிறகும், தான் சாகும் 1935 வரை, அவருடைய நாய் ஹாச்சிக்கோ டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. தொந்தரவு என்று விரட்டியவர்கள், 1932இல் பத்திரிகையில் செய்தி வந்ததும் உருகினார்கள். 1934இல் சிலையே வைத்தார்கள், திறப்பு விழாவுக்கு ஹாச்சிக்கோவும் வந்திருந்தது. பிறகு போருக்கு உலோகம் வேண்டுமென்று அந்தச் சிலையையும் உருக்கினார்கள். இப்போது நிற்பது 1948இல் பிறந்த வாரிசு. செத்த நாயின் வயிற்றில் சுட்ட கோழிக்கறி கோக்கும் குச்சிகள் கிடந்தன. கறிக்காகத்தான் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் மாஸ்டருக்குச் சொந்தக்காரர்களாக இருக்கும்.

வந்தால்தான் என்ன? சம்பளம் வாங்கிக்கொண்டே ஆபீஸை நேசித்தேன் என்று பிரிவுபசார விழாவில் கண் கலங்குகிறோமே, நாய் மட்டும் வெறும் வயிற்றோடு நேசிக்க வேண்டுமா!

என் மகன் வீட்டு லாப்ரடாருக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. மாநகராட்சி உரிமம், தோலுக்கடியில் மைக்ரோசிப், தனி ஷாம்பு, பிறந்தநாளுக்குக் கேக். ஓடிப்போய்க் காத்திருக்கத்தான் இடமில்லை, பதினோராம் மாடி. ஆபீஸிலிருந்து அவன் கேமரா வழியாகப் பெயர் சொல்லி அழைக்கிறான். அது கேமராவுக்குப் பின்னால் போய் மோந்து பார்க்கிறது, சுவரை நக்குகிறது, பிறகு கதவடியில் வந்து படுத்துக்கொள்கிறது. பாசம் குறைந்தபாடில்லை, பஸ் ஸ்டாப்தான் வரவேற்பறைக்குள் சுருங்கிவிட்டது.

தெருவில் மிச்சமிருக்கும் மணிகளுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் உணவு போட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடிபட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மாஸ்டர் இன்றைக்கு அந்த ஸ்டாப்பில் பொறையை வீசினால், விதியை மீறியவர் ஆகிவிடுவார்.