பக்கத்து வண்டிக் கோட்பாடு: இருசக்கர வாகனக் காப்பியலில் ஒரு முன்னாய்வு

வண்டி ஓட்டத் தெரியுமா என்று பார்க்க எட்டுப் போடச் சொல்கிறார்கள். நிறுத்தத் தெரியுமா என்று எந்த ஆர்டிஓவும் கேட்பதில்லை. வண்டியோ தன் ஆயுளில் பெரும்பகுதியை எங்காவது நின்றுகொண்டுதான் கழிக்கிறது. இந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு.

முதற்கண் ஹேண்டில் லாக். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துச் சாவியை அமுக்கித் திருப்பினால், சிறு இரும்புத் துண்டு ஒன்று நகர்ந்துபோய்ப் பள்ளத்தில் உட்காரும். லட்ச ரூபாய் வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்பது அந்தத் துண்டின் தயவில்தான். பூட்டியவர் இதை உணர்ந்தவர். எனவே ஹேண்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார். பத்தடி நடந்து, சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் ஆட்டுகிறார். இச்செயலுக்கு ‘மறு ஆட்டல்’ என்று பெயரிடுகிறோம். இதனால் பூட்டு பலப்படுவதில்லை, மனசு பலப்படுகிறது.

கார்புரேட்டர் காலத்துப் பெரியவர்களின் முறை வேறு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போவார்கள். கார்புரேட்டரில் தேங்கியிருக்கும் மிச்சத்தில் வண்டி தெருமுனைவரை போகும், பிறகு விக்கி நின்றுவிடும். திருடனுக்குக் குனிந்து டேப்பைத் திறக்கத் தெரியக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்து, புது வண்டிகளில் கார்புரேட்டர் இருந்த இடத்தை ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. அத்தோடு இம்மரபும் அறுந்தது.

ஆனால் தமிழகத்தில் மிகப் பரவலான பாதுகாப்புக் கருவி பூட்டே அல்ல, ஒரு வாக்கியம். “அண்ணே, வண்டிய கொஞ்சம் பாத்துக்குங்க.” டீக்கடை மாஸ்டரை நோக்கிச் சொல்லப்படுவது. மாஸ்டர் பாய்லரைப் பார்த்தபடியே தலையை அசைப்பார். எந்த வண்டி என்று அவர் கேட்பதில்லை, இவரும் காட்டுவதில்லை. ஒரு காலைப்பொழுதில் இப்படிப் பலரிடம் தலையசைத்த மாஸ்டரின் பொறுப்பில், அவருக்கே தெரியாமல், தெருவே நிற்கிறது.

இத்தலையசைப்பின் சட்டத் தகுதி என்ன? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவுப்படி, பொருள் கைமாறினால்தான் ஒப்படைப்பு. சாவி நம் பையில் இருக்கையில் கைமாறியது நம் கவலை மட்டுமே. சாவியையே கொடுத்தால் கதை வேறு. 1998இல் டெல்லியின் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் காணாமல்போனது. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சடித்திருந்ததைக் காட்டி ஹோட்டல் வாதாடியது. அலட்சியமாக இருந்துவிட்டு அச்சடித்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருபத்தொரு ஆண்டுகள்! மாஸ்டர்மீது வழக்குப் போட நினைப்பவர்கள் பாய்லரின் ஆயுளையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனி மையக் கோட்பாடு. எந்தப் பூட்டும் திருடனைத் திருத்துவதில்லை, பக்கத்து வண்டியைப் பார்க்க வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே நம் வண்டி திருடமுடியாததாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் நிற்பதைவிடச் சற்றே தொல்லை பிடித்ததாக இருந்தால் போதும். விவரம் தெரிந்தவர் தி.நகரில் இடம் தேடுவது நிழலுக்காக அல்ல. தன்னுடையதைவிடப் புதிதாக, சங்கிலி போடாமல் நிற்கும் வண்டிக்காக. (அந்தப் புது வண்டிக்காரரும் இதே கோட்பாட்டை நம்பி, சற்றுமுன் அங்கே நின்றிருந்த ஒரு புல்லட்டை அணைத்தபடி நிறுத்திவிட்டுப் போனவர்தான்.) தொலைத்தவர் தரப்பை அறிய விரும்புவோர் 2007இல் வந்த ‘பொல்லாதவன்’ படத்தைப் பார்க்கலாம்.

ஸ்டிக்கரும் இவ்வகைப்பட்டதே. ‘பிரஸ்’, ‘வக்கீல்’, ‘போலீஸ்’ என ஒட்டினால் திருடன் அடுத்த வண்டிக்குப் போவான் என்பது நம்பிக்கை. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் இவற்றுக்கு அபராதம் போடத் தொடங்கியபோது, திருடர்களைவிட ஸ்டிக்கரைப் படித்தவர்கள் அவர்களே என்று தெரியவந்தது.

ஹெல்மெட் தனித்துறை. 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழகத்தில் அது கட்டாயமானது. அன்றே அதற்கொரு திருட்டு மதிப்பும் பிறந்தது. கண்ணாடியில் தொங்கவிடுவோர் உண்டு. வாரைச் சீட்டுக்கடியில் மாட்டிப் பூட்டுவோர் உண்டு. பின்னவருக்கு மழை வந்தால் ஹெல்மெட் மல்லாந்து, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். முன்னவருக்கு அந்தக் கஷ்டமில்லை. சில நாளில் ஹெல்மெட்டே இருக்காது.

கடைசியாக, பெட்டிக்குள் காப்பாற்றப்படும் செல்வங்கள். வேஸ்ட் துணி, கம்பி ஒடிந்த குடை, ஆர்சியின் ஜெராக்ஸ், போன வருடத்தோடு முடிந்துபோன இன்சூரன்ஸ் தாள். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தாலும், அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு பைசாவும் பெயராது. முழுக் காப்பீடு வைத்திருப்பவர் எஃப்ஐஆர் போட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீசிடம் எழுதி வாங்கி, கம்பெனி வாசலை மிதிக்கவேண்டும். அங்கே வண்டியோடு வந்த இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றை உடனே எடுத்து நீட்டுவார். இன்னொன்றை, என்றாவது அவசரத்துக்கு ஆகுமே என்று, வண்டியின் பெட்டிக்குள் வைத்திருப்பார்.