நாலு பேட்டரி போதும்

புது கேம் ஒன்றை வாங்கி ஆசையாக உட்காருகிறீர்கள். முதலில் அப்டேட் இறங்க வேண்டும். பிறகு கணக்குத் தொடங்க வேண்டும். விதிமுறைகளைப் படித்துவிட்டதாகப் பொய் சொல்ல வேண்டும். கடைசியில் பார்த்தால் சர்வர் பராமரிப்பில் இருக்கிறதாம். பத்திரப் பதிவு அலுவலகமே தேவலை, அங்கே டீக்கடையாவது இருக்கும்.

1989-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான கேம் பாய் கேட்டதெல்லாம் நாலு பென்சில் பேட்டரிகள். வண்ணம் கிடையாது, திரைக்கு விளக்கும் கிடையாது. போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் ஜொலித்தது. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் ஏப்பமும் விட்டது. கேம் பாய் குழுவின் தலைவர் குன்பெய் யொகோய், மலிவான பழைய தொழில்நுட்பத்தைத்தான் நம்பினார். வளைகுடாப் போரில் கருகிப்போன ஒரு கேம் பாய், அதற்குப் பிறகும் டெட்ரிஸ் ஓட்டியபடி நியூயார்க் நின்டெண்டோ கடையில் ஆண்டுக்கணக்கில் காட்சிக்கு இருந்தது.

குண்டே விழாமல் செத்த கேம்களும் உண்டு. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ கார் பந்தயத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவராலும் அன்றோடு தன் காரைத் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. சோனியின் ‘கான்கார்ட்’ கேம் தாங்கியது இரண்டே வாரம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த மட்டும் யோக்கியம்.

உங்கள் பரணில் பழைய கையடக்க கேம் ஏதாவது கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்மூடியைத் திறந்து, கசிந்த பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டுப் புதிது போட்டுப் பாருங்கள். அது கடவுச்சொல் கேட்காது.